வன்னிக்குள்ளால் போன கோச்சி

கேள்வி இதுதான்: "கொழும்பு–யாழ்ப்பாணம் ரயில் 2014 முதல் ஓடுகிறது. தலைமன்னாருக்கும் ஓடுகிறது. பிறகேன் வன்னியில் வயதானவர்களோடு கதைத்தால் 'எங்கட கோச்சி தொண்ணூறோட போச்சுது' என்கிறார்கள்? பாதை எப்படி மூடப்பட்டது? அவர்கள் எதை நினைத்து ஏங்குகிறார்கள்?"

அவர்கள் சொல்வது சரி என்பதுதான் என் பதில். கோச்சி என்பது ரயில். வன்னி என்பது அனுராதபுரத்துக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடைப்பட்ட நிலம். 1990இல் நின்றது ஒரு ரயில். 2013, 2014இல் வந்தது வேறொரு ரயில். இரண்டும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன, நிலையப் பெயர்களும் பெரும்பாலும் அவைதான். ஆனால் முந்தியது வன்னியில் நின்று நின்று போனது. இப்போதையது வன்னியைக் கடந்து போகிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் அந்த ஏக்கத்தை வெறும் 'பழைய ஞாபகம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வன்னிக்கென்று யாரும் இந்தப் பாதையைப் போடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் கேட்டு நின்றவர்கள் யாழ்ப்பாணத்தார். போட்டது கொழும்பு. வேலையும் இரண்டு நுனியிலிருந்துதான் நகர்ந்தது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையும், அதே ஆண்டிலேயே பளை வரையும் திறந்தார்கள். தெற்கிலிருந்து வந்த பாதை 1904இல் அனுராதபுரத்தைத் தொட்டது. இடையில் மிஞ்சியிருந்தது வன்னிக் காடு. அதைக் கடந்து இரண்டு நுனியும் சேர்ந்து முழுப்பாதையும் திறக்கப்பட்டது 1905 ஆகஸ்ட் 1ஆம் தேதி. முதல் ஓட்டத்துக்குப் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. அந்நாள் அதிகாரிகளின் கண்ணுக்கு வன்னி என்பது யாழ்ப்பாணம் போக வழியில் தாண்டவேண்டிய மலேரியாக் காடு, அவ்வளவுதான். இந்தப் பார்வை இன்றைக்கும் முற்றாகப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பாதை போட்டால் அது நிற்கவும் வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் விலகிப்போக இடையிடையே நிலையங்கள் தேவை, நீராவி எஞ்சின் குடிக்கத் தண்ணீர் தேவை. வவுனியா விட்டால் தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று நிலையங்கள் வந்தன. ரோட்டையும் சேர்த்துப் பாருங்கள். புளியங்குளத்தில் நெடுங்கேணிப் பாதை பிரியும். மாங்குளத்தில் கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, மேற்கே துணுக்காய், மல்லாவி. பரந்தனில் ஒரு பக்கம் புதுக்குடியிருப்பு, மறுபக்கம் பூநகரி. காட்டுக்குள்ளிருந்த குளத்தடி ஊர்கள் எல்லாவற்றுக்கும் வெளியுலகத்தின் வாசல் இந்தச் சந்திகள்தான். முல்லைத்தீவுக் கரையிலிருப்பவருக்குக் கொழும்பு என்றால் முதலில் ஏறக்குறைய 50 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து மாங்குளத்தில் இறங்கவேண்டும். அதனால்தான் இன்றைக்கும் முல்லைத்தீவின் வயதானவர்கள், தங்கள் ஊரில் ஒருநாளும் தண்டவாளம் இருந்திராவிட்டாலும், மாங்குளம் ஸ்டேசனைத் தங்கள் ஸ்டேசன் என்கிறார்கள்.

யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரல் 23. எல்லாரும் எழுதுவது அதைப் பற்றித்தான். காலையில் கொழும்புக் கோட்டையில் புறப்பட்டு பிற்பகலில் யாழ்ப்பாணம் சேரும் கடுகதி. கொழும்பில் கிளறிக்கல் வேலை பார்த்தவர்கள் வாரண்டில், அதாவது அரசாங்கம் கொடுத்த இலவசப் பயணச்சீட்டில், ஊர் வந்த ரயில். அதே காலப்பகுதியில் இலங்கைப் பாதைகளுக்குக் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள். ஒன்றின் பெயர் ஒன்ராறியோ. அந்தப் பெயர் பொறித்த எஞ்சினை வேடிக்கை பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் பிறகு எங்கே போய்க் குடியேறினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வன்னிக்காரரின் ஞாபகத்தில் இருப்பது பெரும்பாலும் யாழ்தேவி அல்ல. இரவுத் தபால் ரயிலும், எல்லா இடத்திலும் நின்றுபோன மெதுவான வண்டிகளும், சாமான் பெட்டிகளும்தான். கொழும்புப் பத்திரிகை, தபால், மருந்து, மோட்டார் உதிரிப்பாகம் எல்லாம் அதில் வந்தன. இங்கிருந்து நெல்லும் மரமும் கருவாடும் போயின. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் விலைபோன கதை எல்லாருக்கும் தெரியும். விசுவமடு, முத்தையன்கட்டு என்று படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்றவர்கள் அந்தச் சில ஆண்டுகளில் நிமிர்ந்தார்கள். லொறியில் போனது பாதி, ரயிலில் போனது பாதி. மிளகாய் மூட்டை அடுக்கிய பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில் ஏறினால் மதவாச்சி தாண்டும்வரை தும்மல்தான்.

மாங்குளம் மாதிரி ஒரு நிலையத்தில் ரயில் வருமுன் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நின்றுபோனது இதுதான். அடுத்த நிலையத்திலிருந்து மணிச் சமிக்ஞை வரும். ஸ்டேசன் மாஸ்டர் பெட்டி போன்ற கருவியிலிருந்து ஒரு வட்டத் தகட்டை எடுப்பார். ரயில்காரர் அதை டேப்லெட் என்பார்கள். அந்தத் தகடு கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அடுத்த நிலையம் வரையுள்ள ஒற்றைப் பாதைக்குள் வண்டியை விடக்கூடாது. ஒரு துண்டுப் பாதைக்கு ஒருநேரத்தில் ஒரு தகடுதான் வெளியே வரும். அதனால் இரண்டு ரயில்கள் முட்டிக்கொள்ள வழியில்லை. தகட்டைத் தோற்பையில் போட்டு, பை ஒரு பெரிய வளையத்தில் தொங்கும். நிற்காத ரயில் என்றால் மேடையின் நுனியில் ஒருவர் அந்த வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். எஞ்சினிலிருந்து கையை வெளியே விட்டவர் அதைத் தோளோடு கொளுவி எடுத்து, பழைய வளையத்தை மேடையில் எறிந்துவிட்டுப் போவார். பொடியள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்துக்கொண்டு நிற்பது இதைத்தான். இரவில் என்றால் லாம்பு வெளிச்சத்தில் நடக்கும். வளையம் தவறினால் ரயில் நிற்கும். நின்றால் அன்றைக்கு ஊர்ச் சந்தியில் அதுதான் கதை.

நிற்கும் ரயில் என்றால் வேறு விதம். மாட்டு வண்டில்கள் வெளியே வேப்பமரத்தின் கீழ் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும். "கோச்சி வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வருபவருக்கு, "அது இன்னும் பரந்தன்லதான் நிக்குது, ஆறுதலா வா தம்பி" என்று பதில் வரும். நேரத்துக்கு வராது, உண்மை. ஆனால் எவ்வளவு பிந்துகிறது என்பது ஊருக்கே தெரியும். அடுத்த ஸ்டேசனிலிருந்து தகவல் வந்துவிடும். முறிகண்டியில் கச்சான். வீதியால் வருபவர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகமாட்டார். ரயிலில் வருபவரும் யன்னலோரம் எழுந்து ஒரு கும்பிடு போடுவார். சித்திரை, வைகாசி தாண்டினால் பாலைப்பழம் ஓலைப்பெட்டியில் வரும். தின்ற கை ஒட்டும், யன்னல் கம்பியும் ஒட்டும். பெட்டிக்குள் இறால் வடை விற்பவர்கள் தெற்கே ஏறியவர்கள். அவர்களுடைய தமிழும் எங்களுடைய சிங்களமும் ஒரே தரம்தான், வியாபாரம் நன்றாக நடந்தது.

மன்னார்ப் பாதையின் கதை வேறு. அதைத் தனியே சொல்லாவிட்டால் செட்டிகுளத்தாரும் முருங்கனாரும் கோபிப்பார்கள். மதவாச்சியில் பிரிந்து செட்டிகுளம், மடு றோட், முருங்கன், மன்னார், பேசாலை வழியாகத் தலைமன்னார் போகும் அந்தப் பாதை 1914இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டுதான் அந்தப் பக்கம் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னார்த் துறையிலிருந்து மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதிவரை 'இராமானுஜம்' கப்பல் ஓடியது இங்கே பலருக்கு ஞாபகம்.

அழகு என்று பார்த்தால் நான் இந்தப் பாதைக்குத்தான் புள்ளி போடுவேன். முதலில் அடர்ந்த காடு, பிறகு முருங்கன் பக்கத்து வயல்வெளி, கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் பச்சை. பிறகு மண் வெளுத்து, உப்பு வாடை வந்து, கடலுக்கு மேலால் பாலம் ஏறி மன்னார்த் தீவு. பனையும் பெருக்கமரமும் கழுதையும். ஒரே பயணத்தில் நிலம் இப்படி மாறுவதை இலங்கையில் வேறெங்கும் நான் கண்டதில்லை. மலைநாட்டு ரயிலைப் படம் எடுக்கிறவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. வராததும் ஒருவகையில் நல்லதுதான்.

ஆனால் அந்தப் பாதையில் அழுகையும் போனது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாருக்கு வந்தது இதில்தான். ஒப்பாரிக் கோச்சி என்று மலையக மக்கள் சொல்வது அதைத்தான். பிறந்த தோட்டத்தை விட்டுப் பார்த்தறியாத ஊருக்குப் போனவர்கள் கடைசியாகப் பார்த்த இலங்கை நிலம் வன்னியும் மன்னாரும். இதே தடத்தில்தான் மடு மாதா கோவிலின் ஆவணித் திருவிழாவுக்கு விசேட ரயில்களும் வந்தன. மடு றோட்டில் இறங்கி, பாயும் சட்டி பானையும் பிள்ளையுமாகக் காட்டுக்குள்ளால் மாதாவிடம் போவார்கள். கொழும்பிலிருந்தும் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்திலிருந்தும் வருபவர்களில் பாதிப்பேர் சிங்களம் பேசுபவர்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வந்தார்கள்.

சரி, மூடப்பட்ட கதைக்கு வருவோம். 'ஒருநாள் நின்றுவிட்டது' என்று சொல்வது பழக்கம். அது அப்படி நடக்கவில்லை. 1983 கலவரத்தின்போது தெற்கிலிருந்து வந்த ரயில்கள் அகதிகளால் நிரம்பின. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் பழைய நம்பிக்கை திரும்பவில்லை. 1985 ஜனவரி 19ஆம் தேதி முறிகண்டிக்குக் கிட்ட யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. புலிகள் நடத்திய தாக்குதல் அது. வண்டியில் படையினர் இருந்தார்கள், பொதுமக்களும் இருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படையினரையும் சனத்தையும் ஒரே வண்டியில் ஏற்றியது அரசின் பிழை. அதில் சனமும் இருக்கிறது என்று தெரிந்தே வெடிக்கவைத்தது வைத்தவர்களின் பிழை. இரண்டையும் ஒருசேரச் சொல்லத்தான் வேண்டும். ஏக்கக் கட்டுரைகளில் அநேகமாக இந்த நாள் வருவதேயில்லை.

அதன்பின் ரயில் விட்டுவிட்டுத்தான் ஓடியது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கொஞ்சக்காலம் மறுபடி உயிர் வந்தது. 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டது. ஜூன் 13ஆம் தேதிதான் யாழ்தேவியின் கடைசி நாள். மன்னார்ப் பாதையும் அந்த ஆண்டோடு நின்றது, தீவுக்கான பாலம் தகர்க்கப்பட்டது. யாரும் மூடுவிழா நடத்தவில்லை, அறிவித்தல் ஒட்டவில்லை. இரண்டு மூன்று கிழமையில் திறந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வவுனியா கடைசி நிலையமானது. அது பத்தொன்பது ஆண்டுகள் அப்படியே இருந்தது.

இனித்தான் வன்னிக்கு மட்டுமே உரிய பகுதி. உலகத்தில் எத்தனையோ நாட்டில் கிராமத்துப் பாதைகளை வருமானம் இல்லை என்று மூடியிருக்கிறார்கள். அங்கெல்லாம் தண்டவாளம் துருப்பிடித்துக் கிடக்கும், இல்லையேல் அரசாங்கம் கழற்றி ஏலம் போடும். இங்கே பாதையைச் சண்டை தின்றது. தண்டவாளத்தைக் கழற்றி, பங்கர் வெட்டி, அதன்மேல் குறுக்காக அடுக்கினார்கள். அதற்குமேல் சிலிப்பர் கட்டை, பனங்குற்றி, மண்மூட்டை. எறிகணை விழுந்தாலும் தாங்கும். புலிகளும் செய்தார்கள், இராணுவமும் செய்தது. இந்தத் தண்டவாளம் எவருடைய பங்கருக்குப் போனது என்று கேட்டால், எந்த ஆண்டில் அந்த இடம் எவரிடம் இருந்தது என்று திருப்பிக் கேட்கவேண்டும். 1990 கடைசியில் மாங்குளம் இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தது. 1996இல் கிளிநொச்சியை இராணுவம் பிடித்தது, 1998இல் விட்டது. 1997இல் இராணுவம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று கண்டி வீதியையும் ரயில் தடத்தையும் பிடித்துக்கொண்டே நகர்ந்தது. ரயில் நிலையங்களின் பெயர்கள் முன்னரங்குகளின் பெயர்களாகின.

சனமும் எடுத்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக்குள் சீமெந்து இல்லை, கம்பி இல்லை, மண்ணெண்ணெய்யே அளந்து வந்த காலம். குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு பதுங்க ஒரு குழி வெட்டினால் மேலே போட ஏதாவது வேண்டும். பள்ளிக்கூடங்களில் தண்டவாளத் துண்டொன்றைக் கம்பியில் கட்டி மரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். இன்னொரு இரும்பால் அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். எத்தனை இடப்பெயர்வு வந்தாலும் அந்தத் துண்டை மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு போய் அடுத்த ஊர் மரத்தில் கட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள்.

தண்டவாளம் போனபின் மிஞ்சியது உயர்ந்த மண் அணை. மாரியில் வயல் எல்லாம் தண்ணீராகக் கிடக்கும்போது காயாத தரை அதுதான். சைக்கிள்காரருக்கு அது வீதியானது. மறுபுறம், ரயில் ஏறவேண்டுமானால் வவுனியாவுக்குப் போகவேண்டும். வவுனியா அரசின் பக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடந்து, வன்னிக்குள்ளால் உழவு மெசினிலும் சைக்கிள் கரியரிலும் வந்து, தாண்டிக்குளத்தில் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். எந்த நிலையங்களில் முன்பு ஐந்து நிமிடம் நின்று தேத்தண்ணீர் குடித்தார்களோ அதே ஊர்களை நாட்கணக்கில் நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடந்தார்கள். 2002 போர்நிறுத்தத்தில் கண்டி வீதி திறந்தது, ஓமந்தையில் சோதனைச் சாவடி வந்தது. ரயில் வரவில்லை. 2006இல் வீதியும் மூடியது. பிறகு 2009, சண்டை முடிந்த ஆண்டு.

மறுபடி கட்டியது இந்தியாவின் இர்கொன் நிறுவனம், இந்தியக் கடனில். ஓமந்தை–பளை 90 கிலோமீற்றர், பளை–காங்கேசன்துறை 56, மதவாச்சி–மடு 43, மடு–தலைமன்னார் 63. கண்ணிவெடி அகற்றாமல் ஒரு சிலிப்பர்கூட வைக்க முடியாத நிலம். தாண்டிக்குளம் வரை 2009, ஓமந்தை 2011, கிளிநொச்சி 2013 செப்டம்பர், பளை 2014 மார்ச், யாழ்ப்பாணம் 2014 ஒக்ரோபர் 13, காங்கேசன்துறை 2015 ஜனவரி. தலைமன்னார் 2015 மார்ச்சில், இந்தியப் பிரதமர் வந்தபோது. கிளிநொச்சிக்கு முதல் ரயில் வந்த அன்று, குண்டடி பட்ட சுவருக்குப் பக்கத்தில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரே அதற்குமுன் ரயிலைக் கண்டதில்லை.

ரயிலைக் காணாத தலைமுறை என்பது வெறும் உருக்கமான பேச்சல்ல, அதற்கு உயிர்விலை இருந்தது. இருபத்திமூன்று ஆண்டுகளில் தடத்துக்குக் குறுக்கே எத்தனையோ ஒழுங்கைகளும் வயல்பாதைகளும் உருவாகிவிட்டன. அவற்றின் மேலால் திடீரென்று வேகமான ரயில் வந்தது. பல கடவைகளில் படலை இல்லை. இருந்த இடங்களிலும் காப்பாளர்கள் நாளுக்கு 250 ரூபா கொடுப்பனவில் வெயிலிலும் மழையிலும் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். 2019 ஜூனில் கிளிநொச்சிப் பக்கத்தில் இராணுவ வாகனமொன்றே ரயிலில் மோதிப் படையினர் இறந்தார்கள். பொதுமக்களின் சாவுகள் பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தி. மதவாச்சி–தலைமன்னார்ப் பாதையில் செட்டிகுளம், மடு பக்கத்தில் யானைகளும் அடிபடுகின்றன. பழைய கோச்சி மெதுவாகப் போனதால் இந்தப் பிரச்சினை இந்த அளவில் இருக்கவில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. சண்டையில் அழிந்த ஓமந்தைக்கு வடக்குப் பகுதி கொங்கிரீற் சிலிப்பரோடு புதுப்பாதையானது. அழியாமல் தப்பிய தெற்குப் பகுதிதான் பழசாகி ரயிலை இழுத்துப் பிடித்தது. அதனால் 2023 ஜனவரியில் அனுராதபுரம்–ஓமந்தை துண்டைத் திருத்த மூடினார்கள், ஜூலையில் திறந்தார்கள். அடுத்த ஆண்டு மகவ–அனுராதபுரம் துண்டும் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து ஒக்ரோபரில் திறந்தது. அந்த மாதங்களில் கொழும்பிலிருப்பவர்கள் 'வடக்குக்கு ரயில் இல்லை' என்று முறைப்பட்டார்கள். வன்னிச் சிறு நிலையத்தடியில் இருப்பவருக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஏனென்றால் இப்போதைய நேர அட்டவணை நுனிகளுக்காகப் போடப்பட்டது. கொழும்பு, அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம். நகரங்களுக்கிடைக் கடுகதிகள் சிறு நிலையங்களைப் பார்க்காமலே போகின்றன. ஆசனம் முன்பதிவு செய்து குளிரூட்டிய பெட்டியில் போகிறவருக்கு ஓமந்தையும் புளியங்குளமும் கண்ணாடிக்கு வெளியே ஒரு பெயர்ப்பலகை. சாமான் பெட்டியும் முன்போல் இல்லை. நெல் லொறியில் போகிறது. நல்ல வீதி வந்துவிட்டது, பஸ் இருக்கிறது, மோட்டார்சைக்கிள் இருக்கிறது. பழைய காலம் அப்படியே திரும்பவேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. 1980இலேயே சாமான் போக்குவரத்தை லொறி தின்னத் தொடங்கிவிட்டது. சண்டை வராதிருந்தாலும் சில சிறு நிலையங்கள் தேய்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இப்படிச் சொன்னால் ஊரில் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தேய்ந்து நின்றிருந்தால் அந்த இழப்பு ஊருக்குக் கண்முன்னே நடந்திருக்கும். கூட்டம் குறைவது தெரியும், ஸ்டேசன் மாஸ்டர் மாற்றலாகிப் போவது தெரியும், கடைசி ரயிலுக்குப் போய் வழியனுப்பலாம். வன்னிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அதோடு அந்த ரயிலில் போய்வந்தவர்களிலும் எத்தனையோ பேர் இல்லை. ஆகவே ஒரு கிழவர் மாங்குளத்தில் 'எங்கட கோச்சி' என்று தொடங்கினால், அவர் அநேகமாகச் சொல்ல வருவது அதில் தன்னோடு ஏறி இறங்கியவர்களைப் பற்றி. கச்சானையும் பாலைப்பழத்தையும் பற்றி முதலில் பேசுவது அதைப் பற்றிப் பேசுவது சுகமாக இருப்பதால். கேட்டுக்கொண்டிருங்கள், மற்றது தானே வரும்.

நான் கேட்பது சின்ன விஷயம். வவுனியாவுக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பள்ளிக்கூடம், கந்தோர், ஆஸ்பத்திரி நேரத்துக்கு எல்லா இடத்திலும் நிற்கிற ரயில்பஸ் ஒன்று காலையும் மாலையும் போதும். கிளிநொச்சியில் பல்கலைக்கழகப் பீடங்கள் வந்தபோது அறிவியல் நகரில் ஒரு தரிப்பிடம் போட்டார்கள்தானே. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. கடவைக்காப்பாளருக்கு ஒழுங்கான சம்பளமும் வேண்டும்.

நீங்கள் நேரில் பார்க்கவேண்டுமென்றால் பகலில் ஓடும் வண்டியில், மூன்றாம் வகுப்பில் யன்னலோரம் ஏறுங்கள். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்பளமும் வரும்போது எழுந்து வாசலடிக்கு வந்துவிடுங்கள். மன்னார்ப் பக்கம் போவதென்றால் பெரும்போகம் விளைந்து நிற்கும் தையில் போங்கள், முருங்கன் அப்போதுதான் பார்க்க நல்லது. நேர அட்டவணை அடிக்கடி மாறுகிறது. எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதைப் போகுமுன் நிலையத்துக்கு எடுத்துக் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மாங்குளத்தில் இறங்க நினைத்து ஏறி கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரவேண்டியிருக்கும்.